முன்னுக்கு ஆர்?

சைக்கிள் செய்து தரக்கூடிய ஆளைத் தேடி ஐரிஸ் ஏறி இறங்கிய கடைகளில் ஒருவர்கூட முதலில் இரும்பைப் பற்றிக் கேட்கவில்லை. குழாய் எந்தத் தடிப்பு, சில்லு எந்த அளவு என்று வாய் திறந்தவர் கிடையாது. எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான்.

"முன்னுக்கு ஆர்?"

அவளுக்கு வேண்டியிருந்தது இருவர் ஓடும் சைக்கிள். ஒரே சட்டத்தில் இரண்டு சீற், இரண்டு சோடிப் பெடல். முன்னால் இருப்பவர் ஹான்டிலைப் பிடிக்க, பின்னால் இருப்பவர் சேர்ந்து உழக்கவேண்டும். முன்னால் தானும் பின்னால் தன் கணவரும் என்று அவள் சொன்னதும் கடைக்காரர்கள் அவளுடைய தோளுக்கு மேலால் வாசலைப் பார்த்தார்கள். இதைவிடப் பொறுப்பான ஆள் ஒருவர் பின்னால் வந்துகொண்டிருப்பார் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை.

சண்டிலிப்பாயிலும் சுற்றுவட்டாரத்திலும் ஐரிசைத் தெரியாதவர்கள் குறைவு. முப்பது வருடத்துக்கு மேல் குடும்பநல மாதுவாக வேலை பார்த்தவள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, மழையென்றும் ஷெல்லென்றும் பாராமல் ஒழுங்கை ஒழுங்கையாய்ச் சைக்கிள் உழக்கிப் பிள்ளைப்பேறு பார்த்தவள். ஊருக்கு அவள் 'மிஸ்ஸி'. ஓய்வூதியம் எடுக்கத் தொடங்கிய பின்னும் சைக்கிளை விடவில்லை. அண்மையில் வலது முழங்கால் நோகத் தொடங்கியிருந்தது. அதை அவள் மாதர் சங்கக் கூட்டத்தில் சொன்னாளே தவிர வீட்டில் சொல்லவில்லை. வீட்டில் ஏற்கெனவே ஒரு நோயாளி இருந்தார், இரண்டாவதுக்கு இடமில்லை.

அந்த நோயாளி அவளுடைய கணவர் கிருபைரட்ணம். கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராய் இருந்தவர். ஆள் ஆறடிக்கு மேல், ஐரிஸ் அவருடைய நெஞ்சுமட்டம்கூட வரமாட்டாள். சீனித் தட்டுப்பாட்டுக் காலத்தில் கடைக்குள் முண்டியடித்த சனத்தை ஒரே ஒரு இருமலால் வரிசைக்குக் கொண்டுவந்தவர் என்று ஊரில் இன்றைக்கும் கதை இருக்கிறது. சீனி அவரை வேறு வழியில் பழிவாங்கியது. சலரோகம் கண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாய்த் தின்று, கடைசியில் வெளிச்சம் எது, நிழல் எது என்பதை மட்டும் மிச்சம் விட்டது.

கண் போனதை அவர் பொறுத்துக்கொண்டார் என்றே சொல்லவேண்டும். பொறுக்க முடியாமற்போனது வேறொன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஆலய வாசலில் இருவரும் நின்றபோது சிமியோன் வந்தார். சிமியோனும் கிருபைரட்ணமும் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவர்கள், பாடகர் குழுவில் யாருடைய குரல் கனத்தது என்று இளந்தாரிக் காலத்திலிருந்து போட்டி போடுகிறவர்கள். அந்தச் சிமியோன் கிருபைரட்ணத்துக்கு நேர் முன்னால் வந்து நின்று, ஐரிசைப் பார்த்துக் கேட்டார்.

"மிஸ்ஸி, மனேச்சர் இப்ப வடிவாச் சாப்பிடுறவரோ?"

"ஓம், சாப்பிடுறவர்" என்றாள் ஐரிஸ்.

"இரவிலை நித்திரை கொள்ளுறவரோ?"

"பரவாயில்லை, கொள்ளுறவர்."

கிருபைரட்ணம் இரண்டு பேருக்கும் நடுவில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வீட்டுக்கு வந்ததும் குடையை மூலையில் சாத்திவிட்டு, இனிக் கோயிலுக்கு வரமாட்டேன் என்றார். சொன்னபடியே இரண்டு வருடம் எங்கும் போகவில்லை. கிளினிக்குக்கு மாத்திரம் ஓட்டோவில் போனார். அங்கும் ஓட்டோக்காரன் "ஐயாவை எங்கை இறக்கிறது?" என்று ஐரிசைத்தான் கேட்டான். என்னுடைய சைக்கிள் கரியரில் ஏறுங்கள், நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று அவள் சொல்லிப் பார்த்தாள்.

"பெண்சாதிக்குப் பின்னாலை கரியரிலை குந்திக்கொண்டு போக, நான் என்ன மரவள்ளிக்கிழங்குச் சாக்கே?" என்றார் கிருபைரட்ணம்.

விறாந்தைக் கதிரையில் அந்த ஆறடி மனிதர் நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டு வருவதாய் ஐரிசுக்குத் தோன்றியது. குரலும் சிறுத்துவிட்டது. அவளுக்குப் பயம் பிடித்தது. இந்தப் பகுதியில் எத்தனையோ பேரை உலகத்துக்குள் இழுத்தெடுத்தவளுக்கு இந்த ஒரு மனிதரைப் படலைக்கு வெளியே எடுக்கத் தெரியவில்லை.

அப்படியிருக்கையில்தான் ரொறன்ரோவில் இருக்கும் மகள் ரேச்சல் ஒரு படம் அனுப்பினாள். வெள்ளைக்காரக் கிழவனும் கிழவியும் ஒரே சைக்கிளில், ஒருவர் பின்னால் ஒருவராய் உழக்கிக்கொண்டு போனார்கள். ஐரிஸ் அந்தப் படத்தைப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தாள். பின்னால் இருந்த ஆள் சும்மா இருக்கவில்லை, அவருக்கும் வேலை இருந்தது. கிழங்குச் சாக்கு உழக்காது. இதற்கு அவர் என்ன நியாயம் சொல்லப்போகிறார் என்று பார்ப்போம் என்று அவள் நினைத்தாள்.

"அம்மா, ஆனா உதுகள் எல்லாம் நெட்டை ஆள் முன்னுக்கு, கட்டை ஆள் பின்னுக்கு எண்டுதான் வருது" என்றாள் ரேச்சல் தொலைபேசியில். "உங்களுக்கு மாறியெல்லோ வேணும். அப்பா எப்பிடி இருக்கிறார்?"

"பக்கத்திலைதான் இருக்கிறார், சுகமாய் இருக்கிறார். நான் இஞ்சையே செய்விக்கிறன்."

முன்பக்கம் கட்டையாய், சேலையோடு ஏற வசதியாய்ப் பார் பதிந்து இருக்கவேண்டும். பின்பக்கம் ஆறடி மனிதருக்கு அளவாய் உயர்ந்து இருக்கவேண்டும். இதை அவள் கிருபைரட்ணத்துக்கும் சொன்னாள். "ரெண்டு பேரும் உழக்கிற சைக்கிள் ஒண்டு செய்விக்கப்போறன். நீங்கள் பின்னுக்கு." அவர் "ம்" என்றார். அந்த 'ம்'மை அவள் சம்மதமாய் எடுத்துக்கொண்டாள். முன்மொழிந்தவர் ஐரிஸ், வழிமொழிந்தவரும் ஐரிஸ், தீர்மானம் ஏகமனதாய் நிறைவேறிற்று.

மானிப்பாயில் அவள் வழக்கமாய்க் காற்று அடிக்கும் கடைக்காரன், தாங்கள் சைக்கிள் பூட்டிக் கொடுப்போமே ஒழியச் சட்டம் செய்வதில்லை என்று கைவிரித்தான். கைவிரித்துவிட்டு, "சேர் வரேல்லையோ?" என்றும் கேட்டான். அடுத்தது சுன்னாகத்தில் கேற் செய்யும் கேதீஸ்வரன். வலிகாமத்தில் பாதி வீடுகளின் கேற்றில் நிற்கும் சோடி அன்னங்கள் அவருடைய கைவேலை. அவர் மறுக்கவேயில்லை. ஒரு மட்டையை எடுத்து மளமளவென்று கீறினார்.

"முன்னுக்கு ஐயா, பின்னுக்கு நீங்கள். நடுவிலை ஒரு தாமரை."

"கேதீஸ், இவருக்குக் கண் தெரியாது. முன்னுக்கு நான்."

கேதீஸ்வரன் மட்டையைத் தூரப் பிடித்து யோசித்தார். "அப்ப தாமரையைக் கொஞ்சம் சின்னனாய்ப் போடுவம்" என்றார். பிறகு குரலைத் தணித்து, "எதுக்கும் ஐயாவை ஒருக்கால் கூட்டிக்கொண்டு வாங்கோவன். அவரோடையும் ஒரு சொல்லுக் கதைச்சுச் செய்தால் நல்லதுதானே" என்றார்.

ஐரிசுக்குக் காதுவரைக்கும் சூடு ஏறியது. இந்த வசனம் அவளுக்குப் புதிதல்ல. வீடு கட்டிய காலத்திலிருந்து கேட்டுக்கொண்டு வருகிறாள். மேசனுக்கும் தச்சனுக்கும் விளக்கம் சொல்வது அவள், தேத்தண்ணி கொடுப்பது அவள், வேலையைப் பார்ப்பது அவள். அவர்கள் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்கள். பின்னேரம் மனேச்சர் சங்கக்கடையால் வந்ததும் அவருக்கு முன்னால் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்கள். "மிஸ்ஸி இப்பிடிச் சொன்னவ, ஐயா என்ன சொல்லுறியள்?" அப்படி ஒரு பின்னேரம் ஐயா ஏதோ சொன்னதில்தான் குசினித் தட்டு அவருடைய உயரத்தில் அமைந்தது. அவர் குசினிக்குள் வருவதே நத்தாருக்கும் வருடப்பிறப்புக்கும்தான். அவள் இன்றைக்கும் ஸ்ரூலில் ஏறித்தான் உப்புப் போத்தல் எடுக்கிறாள். முழங்கால் நோவுக்கு அந்த ஸ்ரூலுக்கும் பங்கு உண்டு.

மூன்றாவதாய்க் கிடைத்தவன் நிருஷன். சுன்னாகத்துக்கு அப்பால், காங்கேசன்துறை வீதியில் அவனுடைய வெல்டிங் கடை. உழவு இயந்திரப் பெட்டி, தண்ணீர் பவுசர், கல்யாணப் பந்தல் என்று எதையும் செய்வான். வாசலில் கறுப்புக் கண்ணாடி போட்ட அவனுடைய படம் அவனைவிடப் பெரிதாய் நின்றது. இவனை ஐரிசுக்கு முன்பே தெரியும். இடம்பெயர்ந்து பள்ளிக்கூடமொன்றில் சனம் அடைந்துகிடந்த நாளில், ஆய்வுகூட மேசையில் வைத்து இவனை எடுத்தவள் அவள்.

"உன்னை ஆர் எடுத்தது எண்டு தெரியுமோ?" என்று தொடங்கினாள்.

"தெரியாமலோ, மிஸ்ஸி அன்ரி. அம்மா ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அந்த மேசையிலை இருந்துதான் துவங்குறவ." அவன் சிரித்தான். அவள் சொன்னதை எல்லாம் கேட்டான். இடையில் ஒருமுறைகூட வாசலைப் பார்க்கவில்லை. முடிந்ததும் கேட்டான்: "குழாய் என்ன தடிப்பிலை போடுவம்?"

ஐரிசுக்குக் கண் கலங்கிவிட்டது. இரும்பைப் பற்றிக் கேட்ட முதல் ஆண்பிள்ளை. தான் எடுத்த பிள்ளை வீண்போகவில்லை என்று அவள் பெருமைப்பட்டாள்.

அளவெடுக்க நிருஷன் வீட்டுக்கு வந்தான். ஐரிசை அவளுடைய சைக்கிளில் ஏற்றிவைத்துக் கால் நீளம், கை நீளம் பார்த்தான். பிறகு விறாந்தையில் கிருபைரட்ணத்தை நிமிர்த்தி நிறுத்தினான். அவள் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனபோது விறாந்தையிலிருந்து சிரிப்புக் கேட்டது. நிருஷனுடைய சிரிப்பு மட்டுமல்ல, அவருடைய சிரிப்பும். அது என்ன சத்தம் என்றே அவளுக்கு ஒரு கணம் பிடிபடவில்லை. சந்தோசத்தில் அவருடைய கோப்பைக்கும் சீனி போட்டு, நினைவு வந்து ஊற்றிவிட்டு, புதிதாய் ஒன்று போட்டாள். என்ன பகிடி என்று கேட்கத் தோன்றவில்லை. அவர் சிரித்ததே போதும் என்றிருந்தது.

சைக்கிள் முடிந்துவிட்டது, வந்து பாருங்கோ என்று நிருஷன் அழைத்த அன்று அவள் ஓட்டமாய்ப் போனாள். கடை நடுவில் அது நின்றது. கரும்பச்சை நிறம், நீண்ட உடம்பு. பற்றவைத்த பொருத்துகள் விரலுக்குத் தட்டுப்படாதபடி தேய்த்திருந்தான். முன் பாரில் மஞ்சள் எழுத்தில் 'மனேச்சர்' என்று எழுதியிருந்தது. பின் மட்காட்டில் நிருஷனுடைய தொலைபேசி இலக்கம்.

முன் பார் அவளுடைய மார்பு உயரத்தில் நின்றது. பின் பார் பதிந்து, சேலையோடு ஏற வசதியாய், வடிவாய் வளைந்து கிடந்தது.

"டேய்," என்றாள் ஐரிஸ். "இது மாறி நிக்குது."

"இல்லை அன்ரி. சரியாத்தான் நிக்குது."

"நான் சொன்னதென்ன, நீ செய்து வைச்சிருக்கிறதென்ன? நான் முன்னுக்கு எண்டு படிச்சுப் படிச்சுச் சொன்னனானெல்லோ?"

"சொன்னனீங்கள். நான் மறக்கேல்லை. ஆனா குழாய் வெட்ட முந்தி, அளவெடுத்த அண்டைக்கு, ஐயாவையும் ஒருக்கால் கேட்டனான்."

ஐரிஸ் பக்கத்தில் கிடந்த பெட்டியில் இருந்துவிட்டாள். ஆய்வுகூட மேசையும் குப்பி விளக்கும் அவனுடைய தாயின் அலறலும் எல்லாம் ஞாபகம் வந்தது. அவ்வளவு பாடுபட்டு எடுத்ததற்கு இவனும் கடைசியில் ஒரு மேசன்தான்.

"கண் தெரியாத மனிசன் முன்னுக்கு இருந்து எப்பிடியடா ஓடுறது?"

"நீங்கள் பின்னுக்கு இருந்து இடம், வலம் எண்டு சொல்லுவியள்தானே" என்றான் நிருஷன் மிகுந்த மரியாதையோடு. "எங்கடை வீடுகளிலை எல்லாரும் அப்பிடித்தானே அன்ரி ஓடுறம்."

அவள் எழும்பி நேரே வீட்டுக்கு வந்தாள். கிருபைரட்ணம் படலைச் சத்தம் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருடைய முகத்தில் ஆவல் இருந்தது. அதைக் கண்டதும் அவளுடைய கோபம் இரட்டித்தது.

"நிருஷனுக்கு என்ன சொன்னனீங்கள்?"

அவர் மெதுவாய்ச் சொன்னார். "அவன் என்னைக் கேட்டான், ஐரிஸ்."

"என்ன கேட்டவன்?"

"'ஐயா, உங்கடை விருப்பம் என்ன?' எண்டு கேட்டான். கடைசியா என்னை ஆர் அப்பிடிக் கேட்டது எண்டு யோசிச்சுப் பாரும். என்ன சேட்டு எண்டு நீர் எடுத்து வைக்கிறீர். என்ன கறி எண்டு நான் மணத்திலை அறியிறன். டொக்டர் உம்மோடை கதைக்கிறார், சிமியோன் உம்மோடை கதைக்கிறான். நான் பக்கத்திலை இருக்க, ரேச்சல் 'அப்பா எப்பிடி' எண்டு உம்மைக் கேக்கிறாள். நீரும் மறுமொழி சொல்லுறீர்."

"சைக்கிளைப் பற்றி நான் உங்களுக்குச் சொன்னனான். நீங்கள் 'ம்' எண்டனீங்கள்."

"சொன்னனீர். கேக்கேல்லை. சொன்னதுக்கு 'ம்' எண்டுதான் சொல்லலாம். கேட்டிருந்தால் மறுமொழி சொல்லியிருப்பன்."

ஐரிஸ் சுவரோடு சாய்ந்தாள். அநியாயமான பேச்சு என்று கத்தவேண்டும்போல் இருந்தது. அவருக்காக எத்தனை கடை ஏறி இறங்கினாள், எவ்வளவு வெயில் குடித்தாள்! ஆனால் அவர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட அவளால் பிழை என்று தள்ள முடியவில்லை. எந்த மேசனும் தன்னைக் கேட்பதில்லை என்று முப்பது வருடமாய்க் குமுறியவள், இந்த வீட்டில் இரண்டு வருடமாய்த் தானே அந்த மேசனாய் இருந்திருக்கிறாள். அவளுக்கு வெட்கமாய் இருந்தது.

"அதுக்காகக் கண் தெரியாமல் முன்னுக்கு இருந்து ஓடப்போறியளோ?" என்றாள். குரலில் சூடு இறங்கியிருந்தது.

"ஓடுறதைப் பற்றி அவன் கேக்கேல்லையே. எங்கை இருக்க விருப்பம் எண்டுதான் கேட்டான்."

அடுத்த நாள் காலை அவள் மறுபடி நிருஷனுடைய கடையில் நின்றாள். சட்டத்தை வெட்டி மாற்றச் சொல்லப்போகிறாள் என்று அவன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான்.

"ஐயா முன்னுக்கே இருக்கட்டும்" என்றாள் ஐரிஸ். "நான் பின்னுக்கு இருக்கிறன். ஆனா சைக்கிள் திரும்புறது என்ரை கையிலை வரவேணும். செய்வியோ?"

நிருஷன் கடையில் திருத்தத்துக்கு நின்ற உழவு இயந்திரத்தின் ஸ்ரியறிங் கம்பியைப் பார்த்தான், சைக்கிளைப் பார்த்தான், மறுபடி உழவு இயந்திரத்தைப் பார்த்தான். பின் ஹான்டிலிலிருந்து சட்டத்தின் பக்கத்தால் ஒரு கம்பி ஓட்டி முன் கவைக்குப் பூட்டினால், பின்னால் திருப்ப முன்சில்லு திரும்பும். முன் ஹான்டிலைத் திரும்பாதபடி சட்டத்தோடு பற்றவைத்துவிடலாம், வெறுமனே பிடித்துக்கொண்டு இருக்கலாம். பிறேக்கும் பின்னுக்கே.

"செய்யலாம் அன்ரி. எதுக்கும் ஐயாவை..." என்று தொடங்கியவன், அவளுடைய முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"ஏன் நிப்பாட்டினனி? கேள். இப்பவே போனிலை கேள். ஆனா இந்தமுறை எனக்கு முன்னாலை கேள்."

அவன் தொலைபேசியைச் சத்தமாய் வைத்துக் கேட்டான். முன் ஹான்டில் திரும்பாது என்பதையும் சொன்னான். ஐரிஸ் தொலைபேசிக்குக் கிட்டக் காதைக் கொண்டுபோனாள்.

"மணி?" என்றது கிருபைரட்ணத்தின் குரல்.

"மணி முன்னுக்குப் பூட்டலாம் ஐயா."

"நல்ல சத்தமாய் ஒண்டு பூட்டும். அப்ப சரி."

பள்ளிக்கூட விளையாட்டுத் திடலில் ஓடிப் பழகினார்கள். முதல்நாள் பக்கத்துத் தோட்டத்து வெங்காயப் பாத்திக்குள் போய் விழுந்தார்கள். அவருடைய முதுகுக்குப் பின்னால் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை என்பது விழுந்த பிறகுதான் தெரிந்தது. ஆக, முன்னால் இருப்பவருக்கும் கண் தெரியாது, பின்னால் இருப்பவளுக்கும் வழி தெரியாது. அவள் இடப்பக்கம் சாய்ந்து எட்டிப் பார்த்து ஓடப் பழகினாள். வலப்பக்கத்தை அவர் எடுத்துக்கொண்டார். அவள் காணுமுன் அவருடைய காது கண்டுவிடும். "பின்னாலை லொறி. விடும், போகட்டும்" என்பார். கால்கள் அவருக்கு இன்னும் அந்த நாளைய கால்கள்தான். ஏற்றத்தில் அவர் உழக்கும்போது ஐரிஸ் சும்மா காலை வைத்துக்கொண்டிருந்தாலும் சைக்கிள் போனது.

ஞாயிறு வந்தது. "இண்டைக்குக் கோயிலுக்குப் போவமோ?" என்று ஐரிஸ் கேட்டாள். கேட்டாள்தான், அறிவிக்கவில்லை. கிருபைரட்ணம் யோசிப்பதுபோல் பாவனை செய்துவிட்டு, "போவம்" என்றார். ஏற்கெனவே சேட்டுப் போட்டுச் சீப்பால் தலையும் இழுத்திருந்தார்.

வழியெல்லாம் ஊர் எழுந்து நின்று பார்த்தது. படலைக்குப் படலை "மனேச்சர்!" என்று குரல் வந்தது. குரல் வந்த திசைக்குச் சற்றுத் தள்ளி அவர் கையை உயர்த்தினார், தள்ளி நின்றவர்கள் தங்களுக்கென்று எடுத்துக்கொண்டார்கள். முன் ஹான்டில் ஆடாமல் அசையாமல் நிற்க, சைக்கிள் ஒழுங்கை முடக்குகளில் எல்லாம் வளைந்து வளைந்து போனதை ஒரு சனமும் கவனிக்கவில்லை. முன்னால் ஓர் ஆண் இருக்கும்போது சைக்கிளை வேறு யார் ஓடுவது?

ஆலய வாசலில் சிமியோன் வாய் பிளந்து நின்றார். போதகரும் வந்துவிட்டார், சுற்றிவரச் சனம் கூடிவிட்டது.

"மனேச்சர்! கண் தெளிஞ்சிட்டுதே! எங்கை காட்டினனீங்கள்?" சிமியோன் அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். மறுமொழிக்குக் காத்திராமல் அடுத்ததையும் கேட்டார். "மிஸ்ஸிக்கு முழங்கால் நோ எண்டு வீட்டிலை சொன்னவை. இப்ப எப்பிடி? நடக்கிறவவோ?"

ஐரிஸ் சிமியோனுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் நின்றாள். சேலைத் தலைப்பு இன்னும் இடுப்பில் செருகியபடி இருந்தது, வியர்வை இன்னும் காயவில்லை. சிமியோனுடைய பார்வை அவளைத் தொடாமல் அவளுடைய தலைக்கு மேலால் போனது. அன்றைக்குக் குடையைப் பிடித்துக்கொண்டு நின்ற மனிதருக்கு எப்படி இருந்திருக்கும் என்று அவளுக்கு இப்போதுதான் சரியாய் விளங்கியது. வாயைத் திறக்கப் பார்த்தாள். கிருபைரட்ணத்தின் முகம் மலர்ந்திருந்தது. இரண்டு வருடமாய் அவருக்குக் கிடைக்காத கேள்விகள் எல்லாம் ஒன்றாய் வந்து விழுந்துகொண்டிருந்தன. இன்றைக்கு அவருடைய நாள், இருக்கட்டும் என்று அவள் வாயை மூடிக்கொண்டாள்.

கிருபைரட்ணம் இருமினார். அது சங்கக்கடை இருமல். கூட்டம் அடங்கியது.

"சிமியோன், அவ உதிலைதானே நிக்கிறா. அவவின்ரை முழங்காலை அவவைக் கேளும்."

சிமியோன் விழித்தார்.

"என்ரை கண் இருந்தபடிதான் இருக்கு" என்றார் கிருபைரட்ணம். "உம்முடைய மூஞ்சை இப்பவும் எனக்குத் தெரியாது. அதாலை பெரிய நட்டமும் இல்லை. சைக்கிள் ஓடினது அவ. வந்து பிடிச்சுப் பாரும், இந்த ஹான்டில் திரும்பாது. நான் மணி அடிக்கிற ஆள்."

சிமியோன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். போதகர் சிரித்தார். கூட்டமே சிரித்தது.

"மனேச்சரின்ரை பகிடி இன்னும் போகேல்லை!"

ஹான்டிலைப் பிடித்துப் பார்க்க ஒருவரும் வரவில்லை. ஐரிசின் முழங்காலைப் பற்றியும் ஒருவரும் கேட்கவில்லை. உள்ளே அறிவித்தல்கள் வாசிக்கும்போது, சகோதரர் கிருபைரட்ணத்துக்கு மீண்டும் பார்வை அருளிய கிருபைக்காகப் போதகர் ஸ்தோத்திரம் சொன்னார். சபை ஆமென் என்றது.

"எழும்பிச் சொல்லப்போறியளோ?" என்று ஐரிஸ் காதுக்குள் கேட்டாள்.

"வாசலிலை சொல்லியாச்சு. இனி ஆண்டவர் பாத்துக்கொள்ளட்டும்" என்றார் அவர். அன்றைக்குப் பாட்டில் சிமியோனுடைய குரல் அவருடைய குரலுக்குள் அமுங்கிப் போனது.

ஆராதனை முடிந்து சைக்கிளில் ஏறினார்கள். ஐரிஸ் பழக்கத்தில் வீட்டுப் பக்கம் திருப்பப் போனவள், கையை நிறுத்தினாள். "எங்கை போவம்?" என்று கேட்டாள்.

"காங்கேசன்துறைக்குப் போவம் எண்டு நேற்று முழுக்க நினைச்சுக்கொண்டிருந்தனான். கடற்காத்து." அவர் ஒரு காலை நிலத்தில் ஊன்றியபடி இருந்தார். உழக்கத் தொடங்கவில்லை. "உம்முடைய முழங்காலுக்கு என்ன?"

"ஒண்டுமில்லை."

"ஊருக்கெல்லாம் தெரியுது. எனக்கேன் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லை."

முன்னால் இருந்த அகன்ற முதுகு பாதி திரும்பியது.

"இப்ப கேக்கிறன், ஐரிஸ். நோவோ?"

நோவு எப்போது தொடங்கியது என்றும், ஸ்ரூலில் ஏறும்போது எப்படிக் குத்தும் என்றும், இரவில் எந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியாது என்றும் சொல்ல எவ்வளவோ இருந்தது.

"நோதான்" என்றாள்.

"அப்ப சுன்னாகம் மட்டும் போவம். நீர் காலைச் சும்மா வைச்சிரும். உழக்கிறதை நான் பாக்கிறன்."

வெறும் வீதிதான், நாய்கூடக் குறுக்கே நிற்கவில்லை. கிருபைரட்ணம் மணியை அடித்தார். ஐரிஸ் ஹான்டிலைச் சுன்னாகப் பக்கம் திருப்பினாள்.